கலிஃபோர்னியாவில் தானோட்டி காருக்கு பர்மிட்: யார் கொடுப்பது, எதைப் பார்த்துக் கொடுப்பது

"இன்ன கம்பெனிக்கு கலிஃபோர்னியாவில் அனுமதி கிடைத்துவிட்டது" என்று செய்தி வந்தால், எந்த அனுமதி என்று முதலில் கேளுங்கள். அங்கே லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் பார்க்கிற துறை டி.எம்.வி. நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலைதான். தானோட்டி கார்களுக்கு அது மூன்று வகை பர்மிட் கொடுக்கிறது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, கார் தானாக ஓடுவதைச் சோதிப்பதற்கு ஒன்று. ஆளே இல்லாமல் சோதிப்பதற்கு இன்னொன்று. சோதனைக் கட்டம் முடிந்து பொதுமக்கள் புழக்கத்துக்கு விடுவதற்கு மூன்றாவது. இந்த மூன்றில் எதை வைத்திருந்தாலும் டாக்ஸி மாதிரி பயணியிடம் காசு வாங்க முடியாது. அதற்கு சி.பி.யு.சி. என்ற வேறொரு ஆணையத்திடம் தனியாகப் போக வேண்டும். மின்சாரக் கட்டணம், தொலைபேசி விவகாரங்களோடு வாடகைக் கார்களையும் கவனிக்கிற அமைப்பு அது.

முதல் பர்மிட்டை வாங்கிய கம்பெனிகளின் எண்ணிக்கை ஒரு காலத்தில் 60-ஐத் தாண்டியது. பொதுப் புழக்கத்துக்கான பர்மிட் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: 2020 டிசம்பரில் நியூரோ, 2021 செப்டம்பரில் வேமோவும் (கூகுளின் தானோட்டிப் பிரிவு பின்னாளில் எடுத்த பெயர்) குரூஸும் (ஜெனரல் மோட்டார்ஸின் கம்பெனி), 2023-ல் மெர்சிடிஸ் பென்ஸ். முதல் படியில் நிற்கிற கம்பெனி ரோபோடாக்ஸி, அதாவது ஆளில்லா வாடகைக் கார், விடப்போகிறது என்று எழுதுவது, எல்.எல்.ஆர். வாங்கியவனை லாரி டிரைவர் என்று சொல்வது மாதிரி.

டி.எம்.வி. அதிகாரி காரில் ஏறி, எட்டுப் போடச் சொல்லி, மார்க் போட்டு பர்மிட் கொடுப்பார் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி எதுவும் கிடையாது. காரை டி.எம்.வி. ஓட்டிப் பார்ப்பதில்லை. மென்பொருளைத் திறந்து பார்ப்பதுமில்லை. "மூடிய மைதானத்தில் சோதித்துப் பார்த்துவிட்டோம், பொதுச் சாலையில் விடலாம் என்பது எங்கள் முடிவு" என்று கம்பெனியே உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துறை பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி. பிரேக், ஏர்பேக், கண்ணாடி மாதிரி வண்டியின் கட்டுமானப் பாதுகாப்புத் தரம் மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. கையில். ஓட்டுநர் லைசென்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ், சாலை விதி மாநிலத்தின் கையில். கார்தான் ஓட்டுநர் என்று ஆகும்போது இந்தக் கோடு கலங்கிப்போகிறது. மாநிலத்திடம் மிச்சம் இருக்கிற பிடி, கொடுத்த காகிதத்தைத் திரும்பப் பிடுங்கும் அதிகாரம். அதனால்தான் கடந்த பத்தாண்டுகளில் அங்கே கம்பெனிகள் அடிபட்ட இடங்களைப் பார்த்தால், பாதிக்கு மேல் தொழில்நுட்பத் தோல்வியாக இல்லை. ரெஜிஸ்ட்ரேஷனில், டிரைவர் பதிவேட்டில், காட்டாமல் விட்ட வீடியோவில் என்று காகித விவகாரங்களாகவே இருக்கின்றன.

அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் நெவாடா, 2011-ல். கலிஃபோர்னியாவில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012 செப்டம்பர் 25 அன்று கூகுள் தலைமையகத்துக்கே போய் மசோதாவில் கையெழுத்திட்டார். வாகனச் சட்டத்தின் 38750-ஆம் பிரிவு அப்படித்தான் வந்தது. ஆள் உட்கார்ந்து சோதிப்பதற்கான விதிகள் 2014 செப்டம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆளில்லாச் சோதனைக்கும் பொதுப் புழக்கத்துக்குமான விதிகள் 2018 ஏப்ரல் 2 முதல்.

முதல் பர்மிட்டுக்கு என்னென்ன வேண்டும்? படிவம் ஓ.எல். 311. கட்டணம் 3,600 டாலர். அதில் 10 வண்டிகளும் 20 டெஸ்ட் டிரைவர்களும் அடக்கம். இரண்டு வருடத்துக்குச் செல்லும். ஒவ்வொரு வண்டியின் தயாரிப்பு, மாடல், வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண், நம்பர் பிளேட் விவரம் பட்டியலில் இருக்க வேண்டும். 50 லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸோ, ஜாமீன் பத்திரமோ, சொந்தக் காப்பீட்டுச் சான்றிதழோ வேண்டும். பெரிய கம்பெனிக்கு 3,600 டாலர் டீச்செலவு; சின்ன ஸ்டார்ட்அப்பைத் தடுத்து நிறுத்துவது இந்த 50 லட்சம்தான். காரைத் தொழிற்சாலையில் செய்தவர் மட்டும் உற்பத்தியாளர் என்று சட்டம் சொல்வதில்லை. ஷோரூமில் வாங்கிய ஹியுண்டாயில் லைடாரும் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி) கணினியும் பொருத்தி அதைத் தானோட்டியாக மாற்றுகிறவரும் உற்பத்தியாளரே. பொறுப்பும் அவர் தலையில்தான்.

டெஸ்ட் டிரைவர் விஷயத்தில் விதி கறார். குறைந்தது மூன்று வருட லைசென்ஸ் வேண்டும். பதிவேட்டில் விதிமீறல் புள்ளி ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. காயமோ உயிரிழப்போ ஆன விபத்துக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடாது. குடித்துவிட்டு ஓட்டிய தண்டனை பத்து வருடத்துக்குள் இருக்கக்கூடாது. கம்பெனி அவருக்குத் தற்காப்பு ஓட்டுமுறைப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்தையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். சோதனையின்போது அவர் ஓட்டுநர் இருக்கையில்தான் உட்கார வேண்டும், சாலையைக் கவனித்தபடி, எந்த நொடியும் கையில் எடுக்கத் தயாராக. பக்கத்து இருக்கையில் லேப்டாப்போடு இன்னொருவர் உட்கார்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது கம்பெனிகளின் வழக்கம். விதி கேட்பது ஒருவரை மட்டும்தான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்குக் கீழே அரிசோனாவுக்கு வருகிறேன்.

இந்த டிரைவர் பட்டியலைச் சேர்க்கும் நாளன்று சரிபார்த்தால் போதும் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வார்கள். வேலையில் சேரும்போது சுத்தமாக இருந்த ஒருவர், ஆறு மாதம் கழித்துச் சொந்தக் காரில் இரண்டு தடவை வேகத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கலாம். அன்றிலிருந்து அவர் சோதனைக் காரில் உட்காரத் தகுதியில்லாதவர். போனி.ஏஐ கம்பெனிக்கு 2022 மே மாதம் நடந்தது இதுதான். பர்மிட்டில் இருந்த டிரைவர்களின் ஓட்டுநர் பதிவேட்டைத் தொடர்ந்து கண்காணிக்கவில்லை என்று சொல்லி டி.எம்.வி. அவர்களின் சோதனை பர்மிட்டையே ரத்து செய்தது. கேமராவும் லைடாரும் எப்படி வேலை செய்தன என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

பர்மிட் வாங்கிய பிறகு வருகிற இரண்டு கடமைகளில் வெளியே அதிகம் பேசப்படுவது டிஸ்என்கேஜ்மென்ட் அறிக்கை. கார் தானாக ஓடிக்கொண்டிருக்கையில், தொழில்நுட்பத்தில் கோளாறு என்று அதுவே விலகினாலோ, பாதுகாப்புக்காக டிரைவர் சட்டென்று கையில் எடுத்தாலோ, அது ஒரு டிஸ்என்கேஜ்மென்ட், தமிழில் விலகல். டிசம்பர் 1 முதல் அடுத்த நவம்பர் 30 வரை நடந்ததையெல்லாம் சேர்த்து ஜனவரி 1-க்குள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி: தேதி, வண்டி, விலகியது காரா டிரைவரா, ஹைவேயா தெருவா பார்க்கிங்கா, காரணம் என்ன. கூடவே ஒவ்வொரு வண்டியும் மாதவாரியாக ஓடிய மைல்கள். இதை டி.எம்.வி. தன் தளத்தில் போட்டுவிடும். உடனே பத்திரிகைகள் மைல்களை விலகல்களால் வகுத்து, யார் முதலிடம் என்று பட்டியல் போடும்.

அந்த வகுத்தலை நம்பாதீர்கள். "பாதுகாப்புக்காக" என்ற ஒரு சொல்லில்தான் ஓட்டை இருக்கிறது. டிரைவர் கையில் எடுத்தது பாதுகாப்புக்காகவா, சும்மா ஒரு தயக்கத்தாலா, மதியச் சாப்பாட்டுக்காகவா என்று முடிவு செய்வது கம்பெனிதான். கூகுள் தன் முதல் அறிக்கையில், 2014 செப்டம்பர் முதல் 2015 நவம்பர் வரை 4,24,331 மைல் ஓட்டியதில் 341 விலகல் என்று எழுதியது. அதில் 272 தொழில்நுட்பக் கோளாறு, 69 டிரைவர் எடுத்தது. டிரைவர் கையில் எடுத்த எல்லாத் தடவைகளும் இந்த 69-க்குள் வரவில்லை. டிரைவர் எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்து, பாதுகாப்புப் பிரச்சினை என்று தேறியவற்றைத்தான் எண்ணினார்கள். முறையில் தவறில்லை. ஆனால் சிமுலேஷன் வசதி இல்லாத இன்னொரு கம்பெனி, டிரைவர் கை வைத்த ஒவ்வொரு தடவையையும் நேர்மையாக எழுதிக் கொடுத்தால் பட்டியலின் கடைசியில் போய் நிற்கும்.

ஆப்பிள் 2018-க்குக் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். கையால் எடுத்தது 40,198 தடவை. மென்பொருள் விலகியது 36,359. ஜூலையிலிருந்து கணக்கிடும் முறையை மாற்றி, "முக்கியமான" விலகல்களை மட்டும் எண்ணத் தொடங்கினார்கள். அதன் பிறகு 56,135 மைலுக்கு 28 விலகல்தான், அதாவது சுமார் 2,000 மைலுக்கு ஒன்று. கார் ஒரே மாதத்தில் அப்படித் தேறிவிடவில்லை. மாறியது எண்ணும் முறை. ஆப்பிள் இதை ஒளிக்காமல் அறிக்கையிலேயே சொன்னது, அந்த மட்டில் பாராட்டலாம். அடுத்த வருடம், 2019 அறிக்கையில், சீனக் கம்பெனியான பைடு 1,08,300 மைலுக்கு ஆறே ஆறு விலகல் காட்டி, விலகலுக்கு 18,050 மைல் என்று வேமோவை முந்தியது. வேமோ ஓட்டியது 14.5 லட்சம் மைல், விலகல் 110. சந்தடி நிறைந்த தெருவில் வம்படியாகக் கொண்டுபோய்ச் சோதிக்கிறவனுக்கு விலகல் கூடும். நேர்ச்சாலையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் எண்ணிக்கை அழகாக வரும். கடினமான இடத்தில் சோதிப்பதுதான் சோதனையின் நோக்கமே என்பதால், இந்த அறிக்கை சோம்பலாகச் சோதிக்கிறவனுக்குப் பரிசு கொடுக்கிறது என்பது என் எண்ணம். இதில் ஒழுங்காகப் படிக்க வேண்டியது காரணம் எழுதும் பத்தி மட்டும்தான். அதையும் பல கம்பெனிகள் "திட்டமிடலில் முரண்பாடு" என்ற ஒரே வாக்கியத்தை நூறு தடவை ஒட்டி நிரப்பி வைத்திருக்கும்.

இரண்டாவது கடமையான விபத்து அறிக்கை இதைவிடப் பயனுள்ளது. படிவம் ஓ.எல். 316. சொத்துச் சேதமோ, காயமோ, மரணமோ எது நடந்தாலும் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், யார் மேல் தவறு என்பது பொருட்டல்ல. விபத்தின்போது கார் தானாக ஓடியதா, ஆள் ஓட்டினாரா என்பதற்கு ஒரு கட்டம். வண்டியில் எங்கே அடி என்று குறிக்க ஒரு படம். வானிலை, வெளிச்சம், சாலையின் நிலை, இரு வண்டிகளின் நகர்வு. கீழே நடந்ததை விவரிக்கும் பத்தி. இவற்றை வரிசையாகப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே கதையைக் காண்பீர்கள்: தானோட்டி கார் நின்றது அல்லது வேகம் குறைத்தது, பின்னால் வந்தவர் இடித்தார். தவறு பின்னால் வந்தவர் மேல் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதே கம்பெனியின் காரைத் திரும்பத் திரும்பப் பின்னாலிருந்தே இடிக்கிறார்கள் என்றால், அந்தக் கார் மற்ற ஓட்டுநர்கள் எதிர்பாராத இடத்தில் பிரேக் போடுகிறது என்றும் பொருள் உண்டு. கூகுள் காரே தவறு செய்ததைப் பொதுமக்கள் தெரிந்துகொண்டதும் இந்தப் படிவத்தால்தான். 2016 பிப்ரவரி 14, மவுன்டன் வியூவில், எல் கமினோ ரியல் சாலை. மழைநீர் வடிகாலைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். லெக்சஸ் கார் அதைத் தவிர்த்து மணிக்கு 2 மைல் வேகத்தில் மெல்ல உள்பக்கம் நகர்ந்தது. பின்னால் வந்த பஸ் வழி விடும் என்று கணக்குப் போட்டது. பஸ் விடவில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் இடித்தது.

இந்தக் கடமைகள் எல்லாம் விதியின்படி தானோட்டி என்று ஆகிற வண்டிக்குத்தான். அதனால் தப்பிக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது வரையறையில். 2016 டிசம்பர் 14 அன்று ஊபர் பர்மிட் வாங்காமலே சான் பிரான்சிஸ்கோவில் வால்வோ எக்ஸ்.சி.90 கார்களை இறக்கியது. ஆள் மேற்பார்வை இல்லாமல் எங்கள் கார் ஓடாது, ஆகவே சட்டம் சொல்கிற தானோட்டி இது இல்லை என்பது அவர்கள் வாதம். அன்றே ஒரு கார் சிவப்பு விளக்கைத் தாண்டிய வீடியோ வெளியானது. டி.எம்.வி. ஒரு வாரம் பேசிப் பார்த்தது. டிசம்பர் 21 அன்று, சோதனை வண்டி என்று குறிப்பிடாமல் வாங்கிய ரெஜிஸ்ட்ரேஷன் செல்லாது என்று 16 கார்களின் ரெஜிஸ்ட்ரேஷனையும் ரத்து செய்தது. வரையறை பற்றி நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வாதாடலாம். ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத காரைத் தெருவில் எடுக்க முடியாது. கெட்டிக்கார அடி.

ஊபர் கார்களை லாரியில் ஏற்றி அரிசோனாவுக்குக் கொண்டுபோனது. அங்கே ஆளுநர் டக் டூசி 2015-லேயே ஒரு நிர்வாக ஆணை போட்டு வாசலைத் திறந்து வைத்திருந்தார். கலிஃபோர்னியா மாதிரி பர்மிட்டும் இல்லை, விலகல் அறிக்கையும் இல்லை. 2018 மார்ச் 18 இரவு, டெம்பியில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபர் கார் மோதியதில் அவர் இறந்தார். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்னவற்றைச் சோதனை விதி எழுதுகிற ஒவ்வொருவரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மோதலுக்கு 5.6 வினாடிக்கு முன்பே கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை வாகனம், இனம் தெரியாத பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு தடவை வகை மாறும்போதும் முன்பு எங்கே இருந்தார் என்ற தடத்தை விட்டுவிட்டது. அதனால் அவர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது கடைசி வரை பிடிபடவில்லை. பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. ஆபத்து என்று உணர்ந்த பிறகும், வீண் பிரேக்கைத் தவிர்க்க ஒரு வினாடி காத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். வால்வோவில் தொழிற்சாலையிலேயே வருகிற அவசர பிரேக், தானோட்டி முறையில் அணைக்கப்பட்டிருந்தது. முன்பு காருக்கு இரண்டு பேரை உட்கார வைத்த ஊபர், ஒருவராகக் குறைத்திருந்தது. அந்த ஒருவர் கைப்பேசியில் காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். பாதுகாப்பை முன்வைத்து விண்ணப்பம் வாங்கிப் பரிசீலிக்கும் நடைமுறையே அரிசோனாவில் இல்லை என்பதையும் வாரியம் குறித்தது.

கலிஃபோர்னியா விதிகள் இருந்திருந்தால் அந்த மென்பொருளை யாராவது திறந்து பார்த்திருப்பார்களா என்றால், இல்லை. ஆனால் டிரைவருக்கான தகுதி, பயிற்சித் திட்டம், காரணத்தோடு எழுத வேண்டிய விலகல் பட்டியல் ஆகியவை கம்பெனிக்குள்ளே கேள்வி கேட்கும் ஆட்களுக்கு ஒரு கைப்பிடி கொடுக்கும். அந்த அளவுக்குத்தான் நான் போவேன்.

வரையறை விவகாரம் இன்றும் தீரவில்லை. டெஸ்லா தன் 'ஃபுல் செல்ஃப் டிரைவிங்' வெறும் இரண்டாம் நிலை உதவி அமைப்பு, டிரைவர்தான் ஓட்டுகிறார் என்று டி.எம்.வி.க்குச் சொல்லிவருகிறது. ஆகவே வாடிக்கையாளர்கள் ஓட்டுகிற மைல் எதுவும் விலகல் அறிக்கைக்குள் வருவதில்லை. விதியும் உதவி அமைப்புகளை விலக்கியே எழுதப்பட்டிருக்கிறது. பெயரில் முழுத் தானோட்டி, காகிதத்தில் டிரைவர் உதவி.

ஆளில்லாச் சோதனைக்கு வருவோம். முதல் பர்மிட்டை 2018 அக்டோபரில் வேமோ வாங்கியது. வண்டி நான்காம் அல்லது ஐந்தாம் நிலைத் தானோட்டியாக இருக்க வேண்டும், அதாவது ஆள் கையில் எடுக்கத் தேவையில்லாமல் தானே ஓடக்கூடியதாக. எந்தச் சாலை, எந்த வேகம், எந்த வானிலை என்ற எல்லையைக் கம்பெனியே எழுதிக் கொடுத்து, அதற்கு வெளியே கார் தானாக ஓடாது என்று உறுதி சொல்ல வேண்டும். காருக்கும் தொலைவில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் இடையே இடைவிடாத தொடர்பு வேண்டும், பயணி இருந்தால் அவரோடு பேசவும் வழி வேண்டும். தொலைவில் இருப்பவருக்கும் முறையான லைசென்ஸும் பயிற்சியும் கட்டாயம். ஓடப்போகும் ஊரின் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: எந்தத் தெருக்கள், எந்தத் தேதியிலிருந்து, எந்த நாள் எந்த நேரம், எத்தனை வண்டி, யாரைக் கூப்பிடுவது. இங்கே கவனியுங்கள், தெரிவிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஊரின் சம்மதம் தேவையில்லை. தீயணைப்பு வண்டிக்கு வழி மறிக்கிறது என்று சான் பிரான்சிஸ்கோ நகரம் எத்தனை தடவை புகார் சொல்லியும் காரைத் தெருவிலிருந்து எடுக்க அதற்கு அதிகாரம் இல்லாமல் போனது இதனால்தான்.

இந்த விண்ணப்பத்திலேயே உருப்படியான பகுதி என்று நான் கருதுவது, போலீஸும் தீயணைப்புத் துறையும் காரை எப்படிக் கையாள வேண்டும் என்ற திட்டம். ஆளில்லாத காரை நிறுத்திய போலீஸ்காரர் யாரிடம் பேசுவார்? எந்த எண்ணுக்கு அழைத்தால் தொலைவில் உள்ளவர் எடுப்பார், ரெஜிஸ்ட்ரேஷனும் இன்சூரன்ஸும் காரில் எங்கே, கார் தானோட்டி முறையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, அதை எப்படி அணைப்பது, சாலையை விட்டு எப்படி நகர்த்துவது, பேட்டரியில் எந்த இடத்தில் வெட்டக்கூடாது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பொதுவில் வெளியிட வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது புதுப்பிக்க வேண்டும். வேமோ போன்றவை படத்தோடு போட்டிருக்கின்றன, தேடிப் படிக்கலாம்.

இந்த பர்மிட்டை முதலில் இழந்ததும் போனி.ஏஐதான். 2021 அக்டோபர் 28, ஃப்ரீமான்ட். வலது பக்கம் திரும்பிய கார் நடுத் தடுப்பிலும் சாலைப் பலகையிலும் மோதியது. வேறு வண்டி இல்லை, யாருக்கும் காயமில்லை. மென்பொருள் தவறாக ஒரு கோளாறைக் கண்டு தன்னை அணைத்துக்கொண்டது. அணைந்த 2.5 வினாடிக்குள் மோதல். டிரைவர் இருக்கையில் ஆள் இருந்திருந்தால் விலகல் பட்டியலில் ஒரு வரியாக முடிந்திருக்கும். அடுத்த மாதமே டி.எம்.வி. ஆளில்லாப் பர்மிட்டை நிறுத்தியது. மூன்று கார்களை அந்தக் கம்பெனி திரும்ப அழைத்தது.

குரூஸ் கதை இதைவிடப் பெரிது, அது விழுந்த விதத்தில்தான் பாடம். 2023 ஆகஸ்ட் 10 அன்று சி.பி.யு.சி. 3-க்கு 1 என்ற வாக்கில், சான் பிரான்சிஸ்கோவில் குரூஸும் வேமோவும் 24 மணி நேரமும் காசு வாங்கி ஓட்டலாம் என்றது. ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 17 இரவு, பயணியோடு போன குரூஸ் கார் தீயணைப்பு வண்டியோடு மோதியது. டி.எம்.வி. அடுத்த நாளே, வண்டிகளைப் பாதியாகக் குறை என்றது: பகலில் 50-க்கு மேல் கூடாது, இரவில் 150-க்கு மேல் கூடாது. காசு வாங்கச் சொன்ன ஆணையமும் வண்டியைக் குறைக்கச் சொன்ன துறையும் வேறு வேறு என்பதை மறந்தால் இந்த ஒரு வாரம் புரியாது.

அக்டோபர் 2 இரவு, மார்க்கெட் தெருவும் ஐந்தாம் தெருவும் சேரும் இடம். ஒருவர் ஓட்டிவந்த நிஸான் கார் ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் காருக்கு முன்னால் விழுந்தார். கார் பிரேக் போட்டது, ஆனாலும் மோதி நின்றது. இது வரை எந்த மனித ஓட்டுநருக்கும் நேரக்கூடியதுதான். அதன் பிறகு, பக்கவாட்டில் ஏதோ மோதல் என்று தவறாக எடுத்துக்கொண்ட மென்பொருள், சாலையோரம் ஒதுங்கி நிற்கும் வேலையைத் தொடங்கியது. அடியில் சிக்கியிருந்தவரோடு சுமார் 20 அடி, மணிக்கு 7 மைல் வேகம் வரை. மோதலுக்குப் பின் ஓரம் ஒதுங்கு என்பது பொதுவாக நல்ல விதி. கீழே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கத் தெரியாத காருக்கு அது கொடிய விதி.

மறுநாள் டி.எம்.வி. அதிகாரிகளுக்குக் குரூஸ் ஆட்கள் வீடியோவைக் காட்டினார்கள். முதல் நிறுத்தம் வரைதான் பார்த்தோம், இழுத்துச் சென்றது இன்னொரு அரசு அமைப்பு சொல்லித்தான் தெரியும் என்றது டி.எம்.வி. முழு வீடியோவும் காட்டினோம் என்றது குரூஸ். குரூஸே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை ஜனவரியில் வந்தது: முழு வீடியோவை ஓட்ட முயன்றிருக்கிறார்கள், இணைய இணைப்பு தடுமாறியிருக்கிறது, கார் இழுத்துச் சென்றதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீடியோவே பேசட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அக்டோபர் 24 அன்று ஆளில்லாச் சோதனை, பொதுப் புழக்கம் இரண்டு பர்மிட்டையும் டி.எம்.வி. உடனடியாக நிறுத்தியது. காட்டிய இரண்டு முக்கியக் காரணங்கள்: வண்டி பொதுச் சாலைக்குப் பாதுகாப்பானதல்ல, பாதுகாப்புத் தகவலைக் கம்பெனி திரித்துக் கொடுத்தது. முதல் காரணம் மட்டும் என்றால் மென்பொருளைத் திருத்தி, 950 கார்களையும் புதுப்பித்து, சில மாதங்களில் திரும்பியிருக்கலாம். இரண்டாவது அவர்களை முடித்தது. கம்பெனியே தன்னைப் பற்றி எழுதிக் கொடுப்பதை நம்பி நடக்கிற ஏற்பாட்டில், சொல்வதை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. சி.பி.யு.சி. 1,12,500 டாலர் அபராதம், என்.எச்.டி.எஸ்.ஏ. 15 லட்சம் டாலர், நீதித் துறையிடம் 5 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோடாக்ஸிக்குப் பணம் போடுவதையே நிறுத்தியது.

ஓட்டுநர் இல்லாத கார் சாலை விதியை மீறினால் டிக்கெட் யாருக்கு என்ற கேள்விக்கு வெகு காலம் விடை இல்லாமல் இருந்தது. 2025 செப்டம்பரில் சான் புருனோ போலீஸ், கூடாத இடத்தில் யு-டர்ன் அடித்த வேமோவை நிறுத்திவிட்டு, எழுத ஆளில்லாமல் கம்பெனிக்குத் தகவல் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஏ.பி. 1777 என்ற சட்டம் 2024-லேயே நிறைவேறிவிட்டது; நடைமுறை 2026 ஜூலை 1 முதல். அதன்படி போலீஸ்காரர் கம்பெனிக்கு விதிமீறல் நோட்டீஸ் எழுதலாம். நோட்டீஸ் வந்ததைக் கம்பெனி 72 மணி நேரத்துக்குள் டி.எம்.வி.க்குத் தெரிவிக்க வேண்டும். அபராதத் தொகை எதுவும் அதில் இல்லை, டி.எம்.வி. அந்த நோட்டீஸ்களை வைத்து பர்மிட் மேல் என்ன செய்யப்போகிறது என்பதில்தான் அதன் பலம். தீ விபத்து மாதிரி நேரங்களில் ஒரு பகுதியைக் காலி செய் என்று அவசரச் செய்தி வந்தால், இரண்டு நிமிடத்துக்குள் கார்களை அங்கிருந்து வெளியேறவும் உள்ளே வராமல் இருக்கவும் கம்பெனி உத்தரவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

2025 ஏப்ரலில் டி.எம்.வி. வெளியிட்ட வரைவு, 10,001 பவுண்டோ அதற்கு மேலோ எடை இருந்தால் கூடாது என்று அதுவரை வெளியே நிறுத்தியிருந்த கனரக வண்டிகளுக்கும் சோதனைப் பாதையைத் திறக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகக் குறைந்தபட்ச மைல் என்று ஒன்றை முதல் தடவையாக வைக்கிறது: சாதாரண வண்டிக்கு 50,000, கனரகத்துக்கு 5,00,000. நான் மேலே குறைப்பட்ட விலகல் அறிக்கையை எடுத்துவிட்டு, கருவிக் கோளாறுகளை மட்டும் தெரிவிக்கும் முறையை அந்த இடத்தில் வைக்கவும் முன்மொழிகிறது. வரையறையை இறுக்கமாக எழுதாவிட்டால், "முக்கியமான" கோளாறு எது என்பதையும் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளும்.